பாதி கிளாஸ் நுரை, லேசான புளிப்பு... பப்பில் டிராஃப்ட் பீர் கெட்டுப்போவது எங்கே?

வெள்ளிக்கிழமை மாலை. பிரிட்டனில் ஏதோ ஒரு பப். கவுன்ட்டரில் நாலு வரிசை கூட்டம். ஊழியர் குழாயைத் திறக்கிறார், கிளாஸ் நிறைய நுரை மட்டும் வருகிறது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கிறார். மறுபடியும் நுரை. கடைசியில் கீழே நிலவறைக்கு ஓடி, கேஸ் ரெகுலேட்டரைத் திருகுகிறார். பிரச்னை இன்னும் மோசமாகிறது.

பல பப்களில் இது அடிக்கடி நடக்கும் காட்சிதான். உடனே வாடிக்கையாளர் சொல்வது, "இந்த கம்பெனி பீரே சரியில்ல". ஆனால் பெரும்பாலும் பீர் மேல் தப்பு இருக்காது. ஆலையிலிருந்து நன்றாகவே வந்த பீர், பப்புக்குள் இருக்கும் கடைசி சில மீட்டர் குழாயில்தான் கெடுகிறது. எங்கே, எப்படிக் கெடுகிறது? எதை முதலில் பார்க்கணும்? இதில் உயிருக்கே ஆபத்தான இடங்கள் எவை? விரிவாகப் பார்க்கலாம்.

டிராஃப்ட் பீர் என்றால் என்ன?

பாட்டிலிலோ கேனிலோ அடைக்காமல், பெரிய பீப்பாயிலிருந்து குழாய் வழியாக நேரடியாக கிளாஸில் பிடித்துத் தருவதுதான் டிராஃப்ட் பீர். பிரிட்டனில் இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது 'கெக்' பீர். பெரும்பாலும் வடிகட்டப்பட்டோ சூடுபடுத்தப்பட்டோ உலோகக் கலனில் அடைக்கப்பட்டிருக்கும். கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தம் பீரை மேலே தள்ளும். லாகர், ஸ்டவுட் போன்றவை இந்த வகையில்தான் அதிகம் வருகின்றன. 50 லிட்டர் கெக் ஒன்றில் சுமார் 88 பைன்ட் இருக்கும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி.

இரண்டாவது 'காஸ்க் ஏல்'. இதில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே நொதித்தல் தொடரும். வெளியிலிருந்து வாயு செலுத்துவதில்லை. கவுன்ட்டரில் இருக்கும் கைப்பிடியை இழுத்து, பம்ப் மாதிரி மேலே ஏற்றுவார்கள். பீர் வெளியேற வெளியேற பீப்பாய்க்குள் காற்று புகும். அதனால் திறந்த 3 நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வினிகர் வாடை வர ஆரம்பித்துவிடும்.

இரண்டு வகையும் பொதுவாக பப்புக்குக் கீழே இருக்கும் நிலவறையில்தான் இருக்கும். அதன் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் பப்களின் பொது விதி. லாகர் மாதிரி இன்னும் குளிராகத் தர வேண்டிய பீரை, மேலே போகும் வழியில் ஒரு கூலர் குளிர்விக்கும். பல பீர் குழாய்களையும் குளிர்ந்த தண்ணீர் குழாயையும் ஒன்றாகக் கட்டி, மேலே தடிமனான உறை போட்டிருப்பார்கள். மலைப்பாம்பு மாதிரி இருப்பதால் அதற்கு 'பைதான்' என்றே பெயர்.

நுரை பொங்கினால் முதலில் எதைப் பார்க்கணும்?

கேஸை அல்ல. வெப்பநிலையை.

வெயிலில் கிடந்த கோலி சோடாவையும் ஐஸ் பெட்டியில் இருந்த கோலி சோடாவையும் உடைத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். குளிர்ந்த திரவத்தில் வாயு அமைதியாகக் கரைந்திருக்கும். சூடானால் வெளியே ஓடப் பார்க்கும். பீரிலும் அதேதான்.

ஒரு கணக்கு. லிட்டர் பீருக்கு இரண்டரை லிட்டர் என்ற அளவில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாயு வெளியே வராமல் அப்படியே இருக்கத் தேவைப்படும் அழுத்தம்:

- 3 டிகிரியில் ஏறக்குறைய 11 பி.எஸ்.ஐ.
- 12 டிகிரியில் ஏறக்குறைய 20 பி.எஸ்.ஐ.
- 18 டிகிரியில் ஏறக்குறைய 26 பி.எஸ்.ஐ.

நிலவறை 12 டிகிரியில் இருக்கும் என்று நம்பி ரெகுலேட்டரை செட் பண்ணியிருப்பார்கள். கோடையில் அறை 18 டிகிரிக்குப் போனால் அந்த அழுத்தம் போதாது. வாயு குழாய்க்குள்ளேயே பிரிந்து, குமிழியாக மேலே வரும். கிளாஸில் விழுவது நுரை.

அப்போது பலர் செய்யும் தவறு, 'நுரை அதிகம், அதனால கேஸைக் குறைப்போம்' என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அழுத்தம் குறைந்தால் வாயு இன்னும் வேகமாகப் பிரியும், நுரை கூடும். மாறாக அழுத்தத்தை ரொம்ப ஏற்றிவிட்டால் அப்போதைக்குச் சரியான மாதிரி தெரியும். ஆனால் ஒன்றிரண்டு நாளில் பீர் தேவைக்கு மேல் வாயுவைக் குடித்துவிடும், மறுபடி நுரைதான். அதனால் ரெகுலேட்டரைத் தொடுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

நிலவறை ஏன் சூடாகிறது?

காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. சரக்கு இறக்கும்போது கதவைத் திறந்துபோட்டு விடுவது. இடம் இல்லை என்று ஐஸ் மெஷினையும் ஃப்ரிட்ஜையும் நிலவறையிலேயே வைப்பது. அவை பின்பக்கம் வெளியேற்றும் சூடு முழுக்க அதே அறையில்தான் தங்கும். ஏ.சி.யின் வெளி யூனிட்டில் தூசி அடைத்திருப்பது.

இன்னொன்று, லாரியில் வெயிலில் வந்த கெக்கை இறக்கிய கையோடு இணைப்பது. 50 லிட்டர் பீர் உள்ளே வரை குளிர நேரம் எடுக்கும். குறைந்தது 24 மணி நேரம் நிலவறையில் வைத்த பிறகே இணைக்க வேண்டும். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் காட்டுவது காற்றின் சூட்டை மட்டுமே. கிளாஸில் பிடித்த பீருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

எந்தக் குழாய், எந்த கிளாஸ்? தப்பைக் கண்டுபிடிக்கும் வழி

எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பிரச்னை எல்லா குழாயிலுமா, ஒன்றில் மட்டுமா? முதல் கிளாஸில் மட்டுமா, எல்லா கிளாஸிலுமா?

- எல்லா குழாயிலும் நுரை: நிலவறையின் குளிர், கூலர் அல்லது கேஸ் சப்ளை. மூன்றில் ஒன்று.
- ஒரே ஒரு குழாயில் நுரை: அந்த கெக், அதன் மேல் மாட்டும் கப்ளர், தேய்ந்துபோன வாஷர், மடங்கிய குழாய், அழுக்கான டேப்.
- முதல் கிளாஸில் மட்டும் நுரை, அப்புறம் சரி: ரொம்ப நேரம் விற்பனை இல்லாமல் குழாயிலும் டேப்பிலும் நின்ற பீர் சூடாகியிருக்கிறது. பைதான் உறை எங்காவது கிழிந்திருக்கலாம்.
- ஆரம்பத்தில் சரி, கூட்டம் கூடக் கூட நுரை: கூலர் தாங்கவில்லை. அதன் தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும் அல்லது ஐஸ் உருகியிருக்கும்.
- திடீரென்று துப்பித் துப்பி வருகிறது: கெக் காலி.

பீர் நின்றேபோனாலும் பதற்றம் வேண்டாம். கெக் காலியானதும் நுரை குழாய்க்குள் ஏறாமல் தடுக்க, நிலவறைச் சுவரில் மிதவை உள்ள சின்னக் குப்பி ஒன்று மாட்டியிருப்பார்கள். பீர் தீர்ந்ததும் மிதவை கீழே இறங்கி வழியை அடைத்துவிடும். புது கெக் மாட்டியதும் அந்தக் குப்பியில் இருக்கும் காற்றை வெளியேற்றி, மிதவையை மறுபடி மேலே விட வேண்டும். அவசரத்தில் இதை மறந்துவிட்டு, 'புது கெக்கும் வேலை செய்யல' என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் பப்கள் உண்டு.

கேஸ் மாறினால் என்ன ஆகும்?

ஸ்டவுட்டின் கிரீம் மாதிரி நுரைக்குக் காரணம் நைட்ரஜன். அதற்குப் பொதுவாக 70 சதவிகிதம் நைட்ரஜன், 30 சதவிகிதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டர் பயன்படுகிறது. தவறுதலாக இதை லாகருக்கு மாட்டினால் லாகர் மெல்ல உயிரிழந்து, 'சப்'பென்று ஆகிவிடும். வெறும் கார்பன் டை ஆக்சைடை ஸ்டவுட்டுக்கு மாட்டினால் தலைகீழ்: கட்டுக்கடங்காத நுரை.

கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது என்றால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். வீட்டு சிலிண்டருக்குச் செய்கிற மாதிரியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். முட்டை விட்டால் அங்கே லீக்.

நுரையே இல்லை என்றால்?

அதுவும் கோளாறுதான். அழுத்தம் குறைவு, தப்பான கேஸ் தவிர, அதிகம் கவனிக்கப்படாத காரணம் ஒன்று உண்டு: கிளாஸ். எண்ணெய்ப் பிசுக்கு, லிப்ஸ்டிக், சரியாக அலசாத சோப்பு ஆகியவை நுரையை நிமிடத்தில் கொன்றுவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். சுத்தமான கிளாஸைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் தண்ணீர் ஒரே படலமாக வழியும். பிசுக்கு இருந்தால் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்கும். ஈரமான கிளாஸின் உள்ளே உப்பைத் தூவினாலும் தெரியும்; அழுக்கு இருக்கும் இடத்தில் உப்பு ஒட்டாது. பீர் ஊற்றிய பிறகு பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுவும் அழுக்கின் அடையாளமே. சில கிளாஸ்களின் அடியில் மட்டும் குமிழி இடைவிடாமல் கிளம்பும். அது நுரை நிற்பதற்காகவே லேசரில் செதுக்கிய கோலம், அழுக்கு இல்லை.

டிஷ்வாஷரிலிருந்து எடுத்த சூடான கிளாஸில் பிடித்தால் எதிர்மாறாக நுரை பொங்கும். கிளாஸை 45 டிகிரி சாய்த்து, டேப்பை முழுசாகத் திறந்து பிடிக்க வேண்டும். பாதி திறந்தால் நுரை. டேப்பின் மூக்கு பீருக்குள் முங்கவே கூடாது. ஒரு கிளாஸின் கிருமி அடுத்த கிளாஸுக்குப் போக அதுவே வழி.

புளிப்பு, வெண்ணெய் வாடை... இவை எங்கிருந்து வருகின்றன?

வாடையை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

- வெண்ணெய் அல்லது பட்டர் பாப்கார்ன் வாடை, கூடவே புளிப்பு: குழாயில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியா.
- வினிகர் வாடை: அசிட்டிக் அமில பாக்டீரியா. அழுக்கு டேப், அல்லது காற்றுபட்ட பழைய காஸ்க்.
- நனைந்த அட்டைப்பெட்டி வாடை: பீர் பழசாகி ஆக்சிஜன் பட்டிருக்கிறது.
- மருந்துக்கடை வாடை: குளோரின் கலந்த சுத்திகரிப்பு ரசாயனம் சரியாக அலசப்படவில்லை.

பீரில் ஆல்கஹால் இருக்கிறதே, கிருமி எப்படி வாழும்? பீரில் இருக்கும் ஆல்கஹாலும் ஹாப்ஸின் கசப்பும் நோய் பரப்பும் கிருமிகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் பீரைக் கெடுக்கவே பழகிய கிருமிகள் தனி. மாவு புளிப்பது மாதிரி, அவை மெதுவாக வேலையைக் காட்டும். இதை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1871ல் லண்டனில் இருந்த விட்பிரெட் ஆலைக்குப் போன அவர், அங்கிருந்த ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பீரைக் கெடுக்கும் கிருமிகளைச் சுட்டிக்காட்டினார். பீர் பற்றிய அவரது ஆய்வு நூல் 1876ல் வெளியானது.

இன்றைய பப்பில் அந்தக் கிருமிகளின் வீடு, குழாய். 9.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு சுமார் 71 மில்லி பீர் நிற்கும். அப்படியானால் 8 மீட்டர் குழாயில் ஒரு முழு பைன்ட். நிலவறையிலிருந்து கவுன்ட்டர் வரை பெரும்பாலும் அதைவிடத் தூரம்தான். மறுநாள் கடை திறந்ததும் முதல் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது, ராத்திரி முழுக்க அந்தக் குழாயில் கிடந்த பீர். குழாய் சுத்தமாக இருந்தால் பெரிய பாதிப்பில்லை. இல்லாவிட்டால் அந்த கிளாஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம்?

பிரிட்டனில் பரிந்துரை 7 நாளுக்கு ஒரு முறை. அமெரிக்காவில் குறைந்தது 14 நாளுக்கு ஒரு முறை என்கிறது அங்குள்ள பீர் ஆலைகள் சங்கத்தின் கையேடு. கூடவே 3 மாதத்துக்கு ஒரு முறை அமிலம் கொண்டு கழுவச் சொல்கிறது. காரணம், 'பீர் ஸ்டோன்' எனப்படும் கால்சியம் ஆக்சலேட் படிவு காஸ்டிக் சோடாவுக்கு அசையாது. அந்தச் சொரசொரப்பில்தான் கிருமிகள் ஒளிந்துகொள்ளும்.

சுத்தம் செய்யும் முறை சுருக்கமாக: முதலில் தண்ணீரால் பீரை வெளியேற்றணும். பிறகு டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கலந்த காஸ்டிக் கரைசலைக் குழாயில் நிரப்பி, குறிப்பிட்ட நேரம் ஊறவிட்டு, நடுநடுவே கொஞ்சம் இழுத்துப் புதுக் கரைசலை உள்ளே விடணும். கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டு அலசணும். டேப், கப்ளர் இரண்டையும் கழற்றித் தனியாகக் கழுவணும்.

சிக்கனம் பார்த்து இதைத் தள்ளிப்போடும் பப்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் குழாயில் இருக்கும் பீர் வீணாகுமே என்ற கணக்கு. ஆனால் அழுக்குப் படிவில் பீர் உரசும்போதே வாயு பிரிந்து நுரைக்கும். சேமித்த பீரைவிட, வாரம் முழுக்க வடிகாலில் ஊற்றும் நுரை அதிகமாகிவிடும். தட்டில் வழிந்த பீரை மறுபடி கிளாஸிலோ பீப்பாயிலோ ஊற்றுவது எந்தச் சூழலிலும் கூடாது.

உயிருக்கு ஆபத்து 1: குழாயில் இருக்கும் ரசாயனம்

காஸ்டிக் சோடா வாய், தொண்டை, உணவுக்குழாயை எரித்துப் புண்ணாக்கும். சுத்தம் நடப்பது தெரியாமல் இன்னொரு ஊழியர் அதே குழாயில் பிடித்துக் கொடுத்து, வாடிக்கையாளர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. தடுக்கும் வழிகள் எளியவை:

- கடை மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் சுத்தம் செய்வது.
- ஒவ்வொரு டேப்பிலும் 'சுத்தம் நடக்கிறது' என்று அட்டை மாட்டுவது.
- நிறமுள்ள ரசாயனம் பயன்படுத்துவது. ஊதா நிறத்தில் வருபவை கிடைக்கின்றன.
- அலசிய தண்ணீரை பி.ஹெச் தாளில் சோதிப்பது. சாதாரணக் குழாய்த் தண்ணீரின் அளவே காட்டணும்.
- காஸ்டிக், குளோரின் கலந்த ரசாயனத்தையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. விஷமான குளோரின் வாயு கிளம்பும்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது இன்னொரு முறை எரிக்கும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, உடனே ஆம்புலன்ஸை அழைக்கணும். பிரிட்டனில் அந்த எண் 999. ரசாயன டப்பாவை டாக்டரிடம் காட்டணும்.

உயிருக்கு ஆபத்து 2: நிலவறையில் தேங்கும் வாயு

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் நிலவறையின் தரையில் தேங்கும். நிறம் இல்லை. வழக்கமான காற்றில் இது 0.04 சதவிகிதம்தான். பிரிட்டன் விதிப்படி, 8 மணி நேர வேலையில் சராசரியாக 0.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 15 நிமிடத்துக்கு மேல் போகாத நேரத்துக்கு 1.5 சதவிகிதம்தான் உச்சம். தலைவலி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்று தொடங்கி, அளவு கூடினால் மயக்கம், மரணம் வரை போகும்.

இதில் கொடுமை, விழுந்தவரைக் காப்பாற்ற உள்ளே ஓடுபவரும் விழுவதுதான். நம் ஊர் கழிவுநீர்த் தொட்டிகளில் நடக்கும் அதே கதை. அதனால் அலாரம் அடித்தால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து, தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் சரி. வாயு அளவு காட்டும் கருவி, காற்றோட்டம், சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வைப்பது, இவை எல்லாம் அடிப்படைத் தேவைகள்.

பீர் கலங்கலாக வந்தால் கெட்டுவிட்டதா?

எல்லா நேரமும் இல்லை. கோதுமை பீர், சில வகை ஐ.பி.ஏ. எல்லாம் இயல்பிலேயே கலங்கலாகத்தான் இருக்கும். ரொம்பக் குளிர்ந்தால் புரதம் திரிந்து மங்கலாகத் தெரியும். கொஞ்சம் சூடு ஏறியதும் தெளிந்துவிடும். காஸ்க் ஏலில் அடியில் படிந்த ஈஸ்ட், பீப்பாயை அசைத்தால் மேலே வரும். தெளிவாக இருக்க வேண்டிய பீர் கலங்கி, புளிப்பும் சேர்ந்து வந்தால்தான் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

வாடிக்கையாளருக்கு என்ன உரிமை?

பிரிட்டனில் பீர் சட்டப்படி உணவுப் பொருள். அதனால் உணவுச் சுகாதார விதிகள் பப்புக்கும் பொருந்தும். விற்கும் பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 2015ன் நுகர்வோர் உரிமைச் சட்டம். புளித்த பீரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது உரிமை. பெரும்பாலான பப்களில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள்.

நுரை விஷயத்தில், பீர் மற்றும் பப் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, நுரை அடங்கிய பிறகு குறைந்தது 95 சதவிகிதம் பீர் இருக்க வேண்டும். பைன்டுக்கு சுமார் 540 மில்லி. அதற்குக் குறைவாகத் தெரிந்தால், மேலே நிரப்பித் தரக் கேட்கலாம், தர வேண்டும்.

சுருக்கமாக...

நுரை பொங்கினால்: வெப்பநிலை, கூலர், குழாய், டேப், கிளாஸ், கடைசியாக கேஸ். இந்த வரிசையில் பார்த்தால் போதும். வாடை மாறினால்: கடைசியாகக் குழாயைக் கழுவிய தேதியைக் கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும். அந்தத் தேதியை எழுதி வைக்காத பப்பில், பீர் எந்தக் கம்பெனியுடையது என்பது பெரிய விஷயமே இல்லை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)